விபத்தே இல்லாத விமானம்

ஆரியசாலையில் பெருங்காய மொத்த வியாபாரம் செய்துவரும் பூதலிங்கம், ஐம்பது வயது தாண்டியபிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகத் தெருவில் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. கேலி பேசுகிறவர்களுக்குச் சொல்லவென்று நல்ல பதில்களாகச் சிலவற்றைத் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் வீணாயிற்று. எதிர்க்கடை மிளகு வியாபாரி மட்டும், "செரி, அப்போ கடைச் சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார். அந்த ஒன்றுக்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

இந்த ஆசை ஒரு மும்பைப் பயணத்தில் பிடித்தது. கொள்முதல் முடிந்து திரும்பும்போது விமானத்துக்குள் குழந்தைகள் அழுதார்கள், பெரியவர்கள் பெட்டி வைக்க இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அப்போது ஒலிபெருக்கியில், "உங்கள் கேப்டன் பேசுகிறேன்" என்று ஒரு குரல் வந்தது. அத்தனை பேரும் கப்பென்று அடங்கிப்போனார்கள். பூதலிங்கம் வாலிப வயதிலிருந்து கடையில் பேசிக்கொண்டிருக்கிறார், கல்யாணமானதிலிருந்து வீட்டிலும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் வாயைத் திறந்ததும் யாரும் அடங்கியதாக நினைவில்லை. வானத்தின் மேலோ மேகத்தின் மேலோ அவருக்குத் தனிப் பிரியம் கிடையாது. அந்த 'கப்' தான் வேண்டியிருந்தது. இதை அவரே பிற்பாடு எல்லோரிடமும் ஒத்துக்கொண்டார்.

"ஓட்டி எங்க போகப் போறிய?" என்று கேட்டாள் மனைவி கிருஷ்ணவேணி.

"எங்கயும் போகாண்டாம். சொந்தமா ஓட்டுததுக்கு ஒரு லைசென்ஸ். அவ்வளவுதான்."

"ஸ்கூட்டர ஓட்டிக்கிட்டு கிள்ளிப்பாலம் தாண்டுததுக்குள்ள நாலு பேருகிட்ட ஏச்சு வாங்குதிய."

"மேல ஆளு கெடையாதுல்லா" என்றார் பூதலிங்கம்.

விமானத்தளத்தின் ஓரமாக, கடற்கரைப் பக்கம், தகரக் கூரை போட்ட கட்டடத்தில் 'அனந்தககன விமானப் பயிற்சிக் கழகம்' இயங்கிவந்தது. வாசலில் 'பாதுகாப்பே பறப்பு' என்று எழுதியிருந்தது. கழகத்தின் தலைவர் கேப்டன் கல்யாணராமன். கரமனை அக்ரஹாரத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு தோளிலும் நான்கு தங்கக் கோடுகள், வகிடு எடுத்த தலை. பூதலிங்கத்தை நிற்கவைத்தே நேர்காணல் செய்தார்.

"விமானம்னா என்ன ஓய்? ஒழுக்கமாக்கும். தொண்ணூறு சதமானம் ஒழுக்கம். பாக்கி பத்து, ஷூ பாலிஷ்."

"அப்போ விமானம் சார்?"

"அதுவும் உண்டு. ஆனா எடுத்த எடுப்புல அதுலேர்ந்து ஆரம்பிச்சவா யாரும் உருப்பட்டதில்லே."

பூதலிங்கத்துக்கு இது மிகவும் ஆழமான பேச்சாகப் பட்டது. உடனே சேர்ந்துவிட்டார். அலுவலகப் பொறுப்பாளர் சுசீலாபாய் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சாரே, தலை காணிக்கணம். தொப்பிக்கு."

விமானத்தைக் காண்பதற்கு முன்பாகவே சீருடை தயாராகிவிட்டது. புது மாணவர் என்பதால் தோளில் ஒரே ஒரு கோடு. அதை மாட்டிக்கொண்டு, சும்மா ஒரு வேலையும் இல்லாமல், பூதலிங்கம் ஆரியசாலை கடைவீதி முழுக்க நடந்தார். ஒரு வங்கிக் காவலாளி சல்யூட் வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தபோது ஒரு பெரியவர் வழிமறித்து, மகளுடைய கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டு செட் எவ்வளவு ஆகும், கிளாரினெட் தனியாகவா சேர்த்தா என்று விசாரித்தார். பூதலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

விமானம் ஒரு கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் இருந்தது. இரண்டே இருக்கைகள். மெக்கானிக் ஷிபு வாரத்துக்கு ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, எஞ்சினை ஓடவிட்டு, துடைத்து, மறுபடியும் மூடுவார். சின்ன விமானத்தில் ஏற்றுகிற எடைக்குக் கணக்கு உண்டு என்று சொல்லிப் பூதலிங்கத்தைத் தராசில் ஏற்றினார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சரக்கை நிறுத்தவருக்கு, தானே தட்டில் நின்றபோது ஒரு மாதிரி இருந்தது. முள் போய் நின்ற இடத்தைக் கேப்டன் வெகுநேரம் பார்த்தார்.

"உம்மையும் ஒரு வாத்தியாரையும் ஏத்தினா பெட்ரோல் ஏத்த முடியாது. பெட்ரோல் ஏத்தினா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கணும். வாத்தியாரை இறக்க விதி இடம் கொடுக்கலே."

"நான் மெலிஞ்சிருதேன் சார்."

"அவசரமே இல்லை. மெலியற வரைக்கும் பாடம்."

கழகத்தில் இருந்த ஒரே வாத்தியார் ஆர்ஷா. கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்து, அதை உதறிவிட்டு விமானியான பெண். பறந்த மணிக்கணக்கு கொஞ்சம் கூடினால் பெரிய விமானக் கம்பெனிகள் கூப்பிடும் என்று நம்பி இங்கே வந்து சேர்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவளுடைய மணிக்கணக்கு கூடவே இல்லை. மெலிந்த உடம்பு. பூதலிங்கத்துக்குப் பொருத்தமான வாத்தியார் என்று அவளை ஒதுக்கினார்கள்.

வானிலைப் பாடம் மட்டும் கேப்டனே எடுத்தார். மேகங்களின் வகைகளையெல்லாம் பலகையில் வரைந்து, எந்தெந்த மேகத்தில் பறக்கக் கூடாது என்று விளக்கினார். எந்த மேகத்திலும் கூடாது.

"மேகம் இல்லாத நாள்ல சார்?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"வெயில் அடிக்கும். காத்து மெலிஞ்சு போயிடும். எஞ்சின் திணறும். கூடாது."

"அப்போ எப்பதான் சார் பறக்குதது?"

"நல்ல கேள்வி. எழுதிக்கோங்கோ. பரீட்சைக்கு வரும்."

வகுப்பிலிருந்த மாணவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கோயில் சாமியை நீராட்ட ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போகும் நாளில் விமானநிலையத்தையே சில மணிநேரம் மூடிவிடுவார்கள். கழகம் பக்தி காரணமாக முந்தின வாரத்தையும் பிந்தின வாரத்தையும் சேர்த்து மூடியது.

அடுத்தது ரேடியோப் பேச்சு. கட்டுப்பாட்டுக் கோபுரம் எதைச் சொன்னாலும், கேட்டது சரிதான் என்று காட்ட அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் கடைசியில் தன் பெயரையும் சொல்ல வேண்டும். பூதலிங்கம் இதை வீட்டில் பழகினார்.

"வரும்போ சந்தையில தடியங்காயும் கறிவேப்பிலையும் வாங்கிட்டு வாங்க" என்றாள் கிருஷ்ணவேணி.

"தடியங்காய், கறிவேப்பிலை, வாங்கி வருகிறேன், பூதலிங்கம்."

"உங்க பேரு எனக்குத் தெரியும்."

"என் பேர் உனக்குத் தெரியும், பூதலிங்கம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு தானே சந்தைக்குக் கிளம்பினாள். கடைத் தொலைபேசியில் ஒரு புது வாடிக்கையாளர் பெயர் கேட்டபோது, விமானிகள் ரேடியோவில் சொல்கிறபடி ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல்லாக எழுத்துக்கூட்டி, "பிராவோ, ஆஸ்கார், ஆஸ்கார், டேங்கோ, ஹோட்டல்" என்று ஆரம்பித்தார். "ஹோட்டலா? நமக்கு பெருங்காயமில்லா வேணும்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பிறகு நடைப்பயிற்சி வந்தது. புறப்படுவதும் வட்டமடிப்பதும் இறங்குவதும் மனத்தில் படிய, விமானி தரையிலேயே அந்த வழியை நடந்து பழக வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மற்ற ஊர்களில் ஓரிரு நாள் நடந்துவிட்டு விமானத்தில் ஏறிவிடுவார்கள். இங்கே நடந்துகொண்டே இருந்தார்கள். வளாகத்தில் சுண்ணாம்பால் ஓடுபாதை வரைந்திருந்தது. மாணவர்கள் சீருடையோடு இரண்டு கைகளையும் விரித்து, வாயால் அறிவிப்புச் செய்துகொண்டு, ஒருவர்பின் ஒருவராகச் சுற்றினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் மீன் கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்து, "எந்தா சேட்டா, வாயுவா? நல்ல வைத்தியன் உண்டு" என்று அனுதாபத்தோடு சொன்னாள். பூதலிங்கம் அவளுக்குப் பதில் சொல்லத் திரும்பியதில் ஓடுபாதையை விட்டு விலகி வாழைக்குழியில் இறங்கினார். கேப்டன் அதை அவசரத் தரையிறக்கம் என்று பதிவு செய்து, மறுபடியும் முதலிலிருந்து நடக்கவைத்தார்.

எல்லாம் ஒருவழியாக முடிந்து விமானத்தைத் தொடலாம் என்ற நிலை வந்தபோது, அதன் வால் பக்கம் ஒரு மைனா கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. எந்தத் துறையிடம் அனுமதி கேட்பது என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். தீர்மானம் வருவதற்குள் குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, எல்லாம் கிளம்பிப் போய்விட்டன.

"அங்கிளே, இந்த அகாடமியில இருந்து பறந்து போன ஃபர்ஸ்ட் பேட்ச் அதாக்கும்" என்றாள் ஆர்ஷா.

பூதலிங்கம் சிரித்தார். ஆனால் இதற்குள் அவருக்கும் ஒன்று ஆகியிருந்தது. பறக்காமல் இருப்பது பழகிப்போயிற்று. காலையில் எழுந்து மேகத்தைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், "இன்னைக்குச் சரிப்படாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். அப்படிச் சொல்வதில் ஒரு கம்பீரம் இருந்தது. பறக்கிறவனைவிடப் பறக்க மறுக்கிறவன்தான் பெரிய விமானி என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கழகத்துக்கு விருது அறிவிப்பு வந்தது. 'தென்மண்டல வான்பாதுகாப்பு ஊக்குவிப்பு மன்றம்' என்ற அமைப்பு, நீண்டகாலமாக ஒரு விபத்துகூட நேராத பயிற்சி நிலையம் என்று இதைத் தேர்ந்தெடுத்திருந்தது. மன்றத்தின் தலைவர் உமாசங்கர் நேரிலேயே கேடயம் கொண்டுவந்தார். வளாகத்தில் பந்தல், நாற்காலிகள், ஒரு பக்கம் பெரிய அண்டாவில் ரசவடை. விமானத்தைத் தார்ப்பாய் நீக்கி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

கேப்டன் கல்யாணராமன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "மத்த இடங்கள்லே விமானத்தை ஆகாசத்துல விட்டுட்டு அப்புறம் பாதுகாப்பைத் தேடறா. நாங்க பாதுகாப்பைக் கையில வச்சிண்டு விமானத்தைத் தேடறோம். எங்க மாணவா ஒருத்தருக்கும் இன்னிவரைக்கும் ஒரு கீறல் கிடையாது. எங்க விமானத்துக்கும் கிடையாது. அதோட டயரைப் பாருங்கோ, வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு!"

பலத்த கைதட்டல். பூதலிங்கம் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். உமாசங்கர் பதிலுக்குப் பேசி முடித்து, கேடயத்தைக் கொடுத்துவிட்டு, கள்ளம் கபடம் இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"இவ்வளவு நல்ல விமானத்தை ஒரு ரவுண்டு மேலே பார்த்துட்டுப் போறேனே."

கேப்டன் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கென்று ஒரு மேகமும் இல்லை, வெயிலும் உறைக்கவில்லை. அவர் ஷிபுவைப் பார்த்தார். ஷிபு இத்தனை நாள் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர்போல, "எஞ்சின் பக்கா, சாரே. பெட்ரோலும் உண்டு" என்றார். ஆர்ஷா அதற்குள் மாலையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். போய் வரக் கோபுரத்திடம் அனுமதியும் கேட்டு வாங்கிவிட்டாள்.

"ஒரு ஸ்டூடன்டு வேணும்" என்றாள்.

மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஷூவைப் பார்த்தார்கள். பூதலிங்கம் மெதுவாக அண்டாவின் பின்னால் நகர்ந்தார்.

"நான் இன்னும் மெலியல்லையே, மக்களே."

"நடந்து நடந்து அங்கிள் எப்பவே மெலிஞ்ஞு. கேறு."

"இல்ல, காத்து ஒரு மாதிரியா..."

"காத்து நல்லா இருக்கு. அங்கிள்தான் ஒரு மாதிரியா இருக்கு. கேறு அங்கிளே, ப்ளீஸ்."

அந்த ப்ளீஸில் இருந்த ஏக்கம் அவரைத் தொட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏறினார். எப்படி இருக்கு என்று ஆர்ஷா இரண்டு தடவை கேட்டதற்கும் நல்லாருக்கு என்றே சொன்னார்.

ஓடுபாதையில் விமானம் ஓடியபோது ஸ்கூட்டர் போலத்தான் இருந்தது. பிறகு ஒரு நொடியில் சக்கரத்தின் சத்தம் நின்றது. பூமி, தன்னை யாரோ கீழே இறக்கிவிட்டதுபோல, சத்தமில்லாமல் கீழே போயிற்று. கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. தென்னை மரங்கள் குட்டிக் குட்டி நட்சத்திரங்களாகின. பூதலிங்கம் மூச்சுவிட மறந்தார். பாடத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று நினைத்தார்.

"இனி அங்கிள் கையில" என்று ஆர்ஷா தன் கையை எடுத்துவிட்டாள்.

அவர் பிடித்தார். விமானம் அவர் பேச்சைக் கேட்டது. லேசாகத் திருப்பினால் நகரமே திரும்பியது. கரமனையாறு ஒரு வெள்ளிக்கம்பி மாதிரிக் கிடந்தது, அதன் ஓரமாக அக்ரஹாரத்து ஓட்டுக்கூரைகள் வரிசையாக இருந்தன. அவருக்குக் கண் கலங்கியது.

"கோபுரத்துக்கிட்ட நம்ம பொசிஷன் சொல்லுங்க" என்றாள் ஆர்ஷா.

இதற்காகத்தானே இத்தனை பாடும். பூதலிங்கம் பொத்தானை அழுத்தினார். அந்த அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்த பெரிய விமானங்களெல்லாம் கப்பென்று அடங்கிப்போயின. ஆயுளில் முதல்முறையாக வானமே அவர் குரலுக்குக் காத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். வந்தது ரசவடை.

தொப்பியைப் பிடித்ததால் விமானம் தப்பியது. பொத்தானிலிருந்து மட்டும் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோபுரத்திலிருந்து, "தெளிவாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லவும்" என்று பதில் வந்தது. பூதலிங்கம் மறுபடியும் சொன்னார்.

ஆர்ஷா அழகாகத் தரையிறக்கினாள். உமாசங்கர் எழுந்து நின்று கைதட்டினார், தொப்பியைக் கண்டதும் உட்கார்ந்தார். கேப்டன் கல்யாணராமன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. விமானத்தை மறுபடி மூடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அங்கேயே விசாரணைக் குழு அமைத்தார்.

குற்றச்சாட்டு ஆர்ஷாவின் மேல். மாணவனின் உடல்நிலையைச் சோதிக்காமல் மேலே கொண்டுபோனாள் என்று தீர்ப்பானால், அது அவள் பதிவில் ஏறும். எந்தக் கம்பெனியும் அவளைத் தொடாது. கேப்டன் பூதலிங்கத்தைத் தனியாக அழைத்தார்.

"ஓய், அந்தப் பொண்ணு விமானத்தை ஜாஸ்தியா சாய்ச்சான்னு சொல்லும். போதும். நீர் இதுலே பாதிக்கப்பட்டவர். உமக்கு ரெண்டாவது கோடு கொடுக்கறதா இருக்கோம்."

பூதலிங்கம் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி முன் நின்று, சீருடைத் தோளில், இருக்கிற கோட்டுக்குக் கீழே ஒரு மஞ்சள் நாடாவை வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்ததாக அவரே பிற்பாடு சொன்னார். கதவோரம் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். விஷயத்தை ஷிபு போனில் அவளிடம் சொல்லியிருந்தார்.

"அந்தப் பிள்ளை சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டு, இத தோள்ல வச்சுக்கிட்டு எந்தத் தெருவுல நடப்பிய?"

"சும்மா வச்சுப் பாத்தேன்."

"பாத்தாச்சுல்லா. எடுங்க."

மறுநாள் விசாரணையில் கேப்டனும் உமாசங்கரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுசீலாபாய் எழுதிக்கொண்டிருந்தார். ஆர்ஷா சுவரோரம் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. பூதலிங்கம் எழுந்தார்.

"வாத்தியாரம்மா மேல ஒரு தப்பும் கெடையாது. எப்படி இருக்குன்னு ரெண்டு தடவ கேட்டா. நல்லாருக்குன்னு பொய் சொன்னேன். மேல போகுததுக்கு முந்தி அண்டா பக்கம் நின்ன நேரம் பூரா ரசவடை தின்னேன். பயத்துலதான் தின்னேன். சும்மா கெடைக்குதேன்னும் தின்னேன். எத்தனைன்னு எனக்கே கணக்கு தெரியாது."

"எழுதணுமா சாரே?" என்று சுசீலாபாய் கேட்டார்.

"எழுதுங்க. 'பேராசை'ன்னு எழுதுங்க."

உமாசங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரசவடையைச் சம்பவத்துக்குக் காரணமாகக் கருதலாமா, பின்னணியாகக் கருதலாமா என்று கேட்டார். ரசத்தில் ஊறிய வடை மேலே போனால் வயிற்றில் உப்பிக்கொள்ளுமா, காற்றழுத்தம் என்ன செய்யும் என்று விவாதம் நடந்தது. கடைசியில் தீர்ப்பு வந்தது. வாத்தியார் குற்றமற்றவர். வாந்தி, விபத்து என்ற வகையில் வராது, பந்தி என்ற வகையில் வரும், ஆகவே கழகத்தின் விபத்தில்லாப் பெருமைக்கும் விருதுக்கும் பங்கமில்லை. வளாகத்தில் ரசவடை இனித் தடை செய்யப்படுகிறது. 'வயிற்று ஒழுக்கம்' என்று புதுப் பாடம் சேர்க்கப்படுகிறது. வாசனை போகும்வரை விமானம் தார்ப்பாயின் கீழ் இருக்கும். மாணவர் பூதலிங்கம் நீக்கப்படுகிறார்.

வெளியே வந்ததும் ஆர்ஷா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அங்கிளே" என்றாள். அவர் தோளில் இருந்த கோட்டையும் தொப்பியையும் சுசீலாபாயிடம் ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். தோள் லேசாக இருந்தது. பின்னால் ஷூ சத்தம் கேட்டது. கேப்டன் கல்யாணராமன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"ஓய், ஒரு சந்தேகம். மேலேர்ந்து எங்காத்துத் தெரு தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது சார். ஆத்தோரமா ஓட்டுக்கூரை பூரா. ஆறு வெள்ளிக்கம்பி மாதிரி கெடந்துது."

"அப்படியா?" கேப்டன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "எனக்கு மொட்டைமாடிக்குப் போனாலே தலை சுத்தும் ஓய். விமானத்துல நான் ஏறினதே இல்லே."

இதை வைத்து ஆரியசாலை முழுக்கச் சிரிக்கவைக்கலாம் என்று பூதலிங்கத்துக்குத் தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு வாந்திதான்.

"இனி என்ன பண்ணப் போறீர்?" என்றார் கேப்டன்.

"திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்காம். ஆர்ஷா சொல்லிச்சு. திங்கக்கெழம போறேன்."

"யூனிஃபார்ம் எப்படி? நம்மளதைப் போல உண்டோ?"

"யூனிஃபார்ம் கெடையாதாம் சார். விமானம் இருக்காம்."

கேப்டன் கல்யாணராமன் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. பூதலிங்கத்தின் தோளில் கை வைத்தார்.

"ஜாக்ரதையா இரும்" என்றார்.